பல் டாக்டர் வாங்கிப் போன பிரேக்

மதிப்பும் பாசமும் மாறாத அண்ணாவுக்கு, உங்கள் தங்கை இருந்த இடத்திலிருந்தே வணங்கி எழுதுவது.

இன்று செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் இருந்தவர்கள்: நான், உங்கள் மாப்பிள்ளை, ஊசி இரவல் கேட்டு வந்த எதிர்வீட்டுத் தையல்காரம்மா (தையல்காரிக்கே ஊசி இல்லையா என்று கேட்காதீர்கள், அவர் இங்கே வருவது ஊசிக்காக அல்ல), சரக்கு ஏற்ற வந்த பார்சல் வேன் டிரைவர். ஆக நான்கு பேர். கடவுள் எங்கும் இருப்பவர், அதனால் அவரைத் தனியாக எண்ணவில்லை. இதை ஏன் முதலிலேயே எழுதி வைக்கிறேன் என்றால், நாளைக்கு ஏதாவது ஆகி, போலீஸ்காரர் வாசலில் வந்து நின்று "அப்போது யார் யார் இருந்தீர்கள்?" என்று கேட்டால், இருக்கிற பயத்தில் எனக்கு என் பெயரே மறந்துபோகும். உங்களிடம் எழுத்தில் இருக்கட்டும்.

உங்கள் சர்க்கரை, அண்ணியின் முழங்கால், மாடி ஒழுகல் எல்லாவற்றையும் முறைப்படி ஒவ்வொன்றாக விசாரித்திருக்க வேண்டும். விசாரித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் மேலே சொன்ன டிரைவர்தான். உங்கள் ஊர்ப் பக்கம் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவார். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பீர்கள். காலையிலிருந்து பதினேழு தடவை அடித்தாயிற்று. போன் தேய்ந்துவிடும் என்று அணைத்து அலமாரியில் பூட்டி வைக்கிறவருக்கு எப்படி அடித்தால் என்ன.

விஷயம் இதுதான் அண்ணா. நேற்று நான் ஒரு குடும்பத்துக்கு விரிசல் விட்ட பிரேக்கை விற்றுவிட்டேன். அவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள். நாளைக்கு அதை மாட்டுகிறார்கள், நாளை மறுநாள் குழந்தையோடு மலை ஏறுகிறார்கள். ஏறுவது பிரச்சினை இல்லை, இறங்க வேண்டுமே. அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், காலாற நடப்பார் என்று நான் நினைத்ததும், அவர் வேகக் கார்களின் பழைய சாமான்களை வாங்கி விற்க ஆரம்பித்ததும் உங்களுக்குத் தெரியும். கடைக்குப் போய்வர வைத்திருக்கிற காரைப் பந்தயக் கார் மாதிரி ஆக்கிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் மாட்டுகிற சாமான்கள். இந்த வியாபாரத்தில் மொத்தம் இரண்டே வகை மனிதர்கள்தான் அண்ணா. ஆசை வந்தவர்கள் வாங்குவார்கள், குழந்தை பிறந்தவர்கள் விற்பார்கள். நடுவில் எங்கள் வீடு. கட்டிலுக்கடியில் மூன்று டர்போ கிடக்கிறது. டர்போ என்றால் நத்தை ஓடு மாதிரி சுருண்ட இரும்பு, இன்ஜினுக்குள் காற்றை ஊதித் திணிப்பது. பீரோவுக்குப் பின்னால் சைலன்சர்கள். நான் பிரார்த்தனை செய்கிற மூலையில் ஒரு பந்தய சீட்டு. விலை போகாமலே கிடந்ததால் நான்தான் அதில் உட்கார்ந்து கும்பிடுகிறேன். நாலு பெல்ட்டையும் மாட்டிக்கொண்டால் பிரார்த்தனையில் தூங்கி விழ முடியாது. கழற்றத் தெரியாமல் ஒரு நாள் பிரார்த்தனை மத்தியானம் வரை நீண்டது, அது வேறு கதை.

வாங்குவது இவர் வேலை. வந்த சாமானை வந்த அன்றே சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, தாளில் சுற்றி, நூல் கட்டி, எந்தக் காருக்குப் பொருந்தும் என்று மேலே எழுதி அடுக்குவது என் வேலை. நம் வீட்டிலிருந்து அழுக்காக ஒன்று வெளியே போனால் அது நமக்குத்தானே கேவலம். நோட்டுப் புத்தகம் எழுதுவதும் நான்தான். நான் ஐந்தாவதோடு நின்றவள், மற்றதெல்லாம் சாமான் சுற்றி வருகிற தாள்களைப் படித்து நானே கற்றது, ஆனாலும் என் நோட்டில் ஒரு அடித்தல் இருக்காது. தேதி, சாமான், எத்தனை, யார் வாங்கினார், கடைசிப் பத்தியில் அவருக்காக என்ன வேண்டிக்கொள்ள வேண்டும். "சைலன்சர் ஒன்று, சத்தம் பெரியது. வாங்கியவர் பள்ளிக்கூட வாத்தியார். வேண்டுதல்: அக்கம்பக்கத்தாருக்குப் பொறுமை." "டர்போ ஒன்று. வாங்கியவர் பேங்க் கேஷியர். வேண்டுதல்: மனைவிக்குத் தெரியக்கூடாது என்றார், அப்படி வேண்ட மனம் ஒப்பவில்லை, தெரிந்த பிறகு வீட்டில் சமாதானம் நிலவட்டும்." இப்படி. இதில் போன் நம்பருக்குப் பத்தி கிடையாது. கடவுளுக்கு எதற்கு நம்பர் என்று இருந்துவிட்டேன். இன்றைக்கு அது எனக்குத் தேவைப்படும் என்று நான் கண்டேனா?

போன மாதம் பந்தயம் ஓட்டுவதை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து (இரட்டைக் குழந்தை) இவர் ஒரு கட்டு பிரேக் டிஸ்க் வாங்கி வந்தார். டிஸ்க் என்றால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற கனத்த இரும்புத் தட்டு. மிதித்தால் அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும், வண்டி நிற்கும். தட்டு உடைந்தால் கவ்வ ஒன்றுமில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும், இவ்வளவே இப்போது தூக்கத்தைக் கெடுக்கப் போதும். இவர் இறக்கி வைக்கும்போதே ஒன்றில் முடி அளவுக்கு விரிசலைப் பார்த்திருக்கிறார். உடனே சாக்பீஸ் எடுத்து அதன் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார். போட்டுவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முடிவெட்டிக்கொள்ளப் போய்விட்டார். நான் வந்தேன். நல்ல இரும்பில் யாரோ கிறுக்கி வைத்திருக்கிறார்களே என்று பார்த்தேன். கழுவினேன். நன்றாகக் கழுவினேன் அண்ணா, அதுதான் நெஞ்சை அறுக்கிறது. அரைகுறையாகக் கழுவுகிற பொம்பளையாக இருந்திருந்தால் ஒரு கோடாவது மிஞ்சியிருக்கும். அப்புறம் எல்லாவற்றையும் ஒரே அளவுப் பொட்டலமாகக் கட்டி அடுக்கிவிட்டேன். இவர் முடிவெட்டி வந்து பார்த்து, "அடடா, என்ன சுத்தம்!" என்று பாராட்டினார். குறி என்னாச்சு என்று கேட்கவில்லை. பொட்டலத்துக்குள் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தாராம்.

நேற்று மதியம் மூன்று மணிக்கு இவர் வெளியே போயிருந்த நேரத்தில் வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. பின்னால் மீன் வால் மாதிரி ஒரு இறக்கை. இறங்கியவர் சன்னமான குரலில், தான் உங்கள் ஊரில் பல் டாக்டர் என்றார். கூடவே அவர் மனைவி. பின்சீட்டில் ஐந்தாறு வயது மகள், கால் தரையில் எட்டவில்லை, முன்பல் இரண்டும் விழுந்திருந்தது, என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது. டாக்டர், "டர்போ ஏதாவது..." என்று ஆரம்பித்தார். அந்தம்மா ஒரு பார்வை பார்த்தார். ஊரார் வாயை எல்லாம் திறக்க வைக்கிற மனிதருக்கு வாய் தானாக மூடிக்கொண்டது.

"அக்கா, வேகமா போறதுக்கு இவரு எவ்வளவோ வாங்கிட்டாரு. நிக்கிறதுக்கு ஏதாவது இருந்தா குடுங்க" என்றார் அந்தம்மா.

எனக்கு அந்தப் பெண்ணை அப்படியே பிடித்துப்போய்விட்டது. மூன்று வருடமாக இந்த ஷெட்டில் நிற்கிறேன், இப்படி ஒரு புத்திசாலி வந்ததில்லை. "நிக்கிறதுக்கு நம்மகிட்ட நல்ல சரக்கு இருக்கும்மா" என்று சொன்னேன். இந்த வாயால் சொன்னேன் அண்ணா. பொட்டலத்தின் மேல் எழுதியிருந்த கார் பெயர் அவர் காருக்குப் பொருந்தியது. மேலாக இருந்த இரண்டை எடுத்து நீட்டினேன். டாக்டர் பிரித்துப் பார்க்க நூலில் கை வைத்தார். "பிரிச்சா மறுபடி இந்த மாதிரி கட்ட வராது டாக்டர். நம்பி எடுத்துட்டுப் போங்க. என் கையாலயே கழுவினது" என்றேன். அவர் கையை எடுத்துவிட்டார். எவ்வளவு நல்ல மனிதர் பாருங்கள். கொஞ்சம் கெட்ட மனிதராக இருந்திருந்தால் பிரித்துப் பார்த்து, சண்டை போட்டு, உயிரோடு இருப்பார்.

இப்போதும் உயிரோடுதான் இருக்கிறார். என்ன எழுதுகிறேன் என்றே தெரியவில்லை. அந்த வரியை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

"புதன்கிழமை கிளினிக் லீவு, நானே உக்காந்து மாட்டிடுவேன்" என்றார் டாக்டர். பின்சீட்டிலிருந்து அந்தக் குழந்தை, "வியாழக்கிழமை மலைக்குப் போறோமே, எத்தனை வளைவு இருக்குன்னு நான்தான் எண்ணப் போறேன்" என்றது. "இறங்கும்போதும் எண்ணும்மா" என்று நான் சொன்னேன். நான் போய் அதைச் சொல்லியிருக்கிறேன் பாருங்கள். கிளம்புகிற சமயத்தில் அந்தம்மா, "இதே மாதிரி நிக்கிற சாமான் வேற வந்தா சொல்லுங்கக்கா" என்று தன் நம்பரைச் சொன்னார். நோட்டு உள்ளே இருந்தது. மறந்துவிடக்கூடாதே என்று கையில் இருந்த அட்டைப்பெட்டியின் மூடியில் கொட்டை எழுத்தில் எழுதினேன். எழுதிய கையோடு டிஸ்க் இரண்டையும் அதே பெட்டியில் வைத்து, கயிறு கட்டி, அவர்கள் டிக்கியில் நானே ஏற்றிவிட்டேன். ஆக, அவர்கள் நம்பர் அவர்களிடமே பத்திரமாக இருக்கிறது. என் நோட்டில் இருப்பது இதுதான்: "பிரேக் டிஸ்க் இரண்டு. வாங்கியவர் பல் டாக்டர், பொறுமைசாலி. வேண்டுதல்: நல்லபடி நிற்க வேண்டும்."

இன்று காலை இவர் ஓட்டை உடைசல்களை எடைக்குப் போட எடுத்துக்கொண்டிருந்தார். தையல்காரம்மா கதவில் சாய்ந்து நின்றார். டிரைவர் சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெருக்கல் போட்டதை எங்க வச்சிருக்கே?" என்றார் இவர்.

"எந்தப் பெருக்கல்?"

"ஒரு டிஸ்க்ல சாக்பீஸால போட்டிருந்தேனே. விரிசல் விட்டது."

"அதைக் கழுவிட்டேனே."

"எதை?"

"எல்லாத்தையும்."

இவர் பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த பொட்டலங்களைப் பிரித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு ஸ்பேனரால் தட்டினார். மணி மாதிரி கேட்டது. "இதுல இல்ல." அடுத்ததையும் தட்டினார். அதுவும் மணி மாதிரி கேட்டது. "இதுலயும் இல்ல." எனக்கு அந்த மணிச் சத்தம் சாவு வீட்டுச் சத்தமாகக் கேட்டது.

"அப்படின்னா?" என்றேன்.

"நேத்து யாருக்காவது குடுத்தியா?"

குடுத்ததைச் சொன்னேன். மனதில் எதையும் வைத்துக்கொள்ளக்கூடாது என்று எண்ணெய் விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன். கழுவின இரும்பு துருப்பிடிக்குமே என்று டிஸ்க் எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் எண்ணெய் தடவித்தான் சுற்றினேன்.

"பிரேக்ல எண்ணெயா!" என்று டிரைவர் கத்தினார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவரே பிறகு, "பயப்படாதீங்கக்கா, எண்ணெய் துடைச்சா போயிடும். விரிசல்தான் துடைச்சா போகாது" என்று ஆறுதல் மாதிரி ஒன்று சொன்னார்.

"இவங்க துடைச்சா அதுவும் போகும்" என்றார் தையல்காரம்மா. "நான் அப்பவே சொன்னேன், இரும்பைக் குளிப்பாட்டுற வீடு உருப்படுமான்னு."

"எப்ப சொன்னீங்க?"

"மனசுக்குள்ள சொன்னேன்."

அவரோடு வாக்குவாதம் செய்ய எனக்குத் தெம்பு இல்லை. இவரிடம் கேட்டேன், விரிசல் விட்ட பிரேக் என்ன செய்யும் என்று. "சமதரையில ஒண்ணும் தெரியாது. இறக்கத்துல மறுபடி மறுபடி மிதிச்சா சூடேறும். சூடேறினா விரிசல் ஓடும். ஓடினா..." என்று நிறுத்தினார். "ஓடினா?" என்றேன். "நீ உள்ள போய்ப் பிரார்த்தனை பண்ணு" என்றார். அண்ணா, முப்பத்திரண்டு வருடமாக இந்த மனிதர் என்னிடம் "பிரார்த்தனை போதும், எழுந்து வந்து டீ போடு" என்றுதான் சொல்லியிருக்கிறார். போய்ப் பண்ணு என்று சொன்னது இதுதான் முதல் தடவை. நிலைமை எவ்வளவு மோசம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போய் உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் அந்தக் குழந்தை பொக்கை வாயோடு வளைவு எண்ணுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வருகிறது, எங்கே நிறுத்தப்போகிறதோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். கண்ணைத் திறந்தால் தெருவில் போகிற வண்டிகள். கிறீச்சென்று சத்தம் கேட்டால் நிம்மதி, அந்த வண்டி நின்றுவிட்டது. சத்தமே இல்லாமல் போகிற வண்டியைத்தான் ஜன்னலில் எட்டி எட்டிப் பார்க்கிறேன். யார் என்ன விற்றார்களோ அவர்களுக்கு. நிற்கிறதுக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டு வந்த பெண்ணுக்கு நான் நிற்காததைக் கொடுத்தேன். தவறுதான் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை. பிரிக்காதீங்க என்று நான் சொன்னது தவறு இல்லை அண்ணா, அது பெருமை. என் நூல் கட்டு கலைந்துவிடும் என்கிற பெருமை. அதற்கு விலை அந்தக் குழந்தையா?

அழுது முடித்து வெளியே வந்தபோது இவர் தன் போனில் உங்கள் ஊர்ப் பல் டாக்டர்களைத் தேடிக்கொண்டிருந்தார். நாற்பத்தொரு பேர். உங்கள் ஊரில் அவ்வளவு பல் இருக்கிறதா? ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "டாக்டர் வேகமா கார் ஓட்டுவாரா?" என்று கேட்டார். முதல் மூன்று இடத்தில் பட்டென்று வைத்துவிட்டார்கள். நாலாவது இடத்தில் இவரையே பேச்சில் மடக்கி வருகிற வெள்ளிக்கிழமை வேர்ச் சிகிச்சைக்கு நேரம் ஒதுக்கிவிட்டார்கள். இவருக்குப் பல் நன்றாகத்தான் இருக்கிறது. அஞ்சாவது ஆளைக் கூப்பிட இவருக்குத் தைரியம் இல்லை.

ஆகையால் அண்ணா, உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு உடனே காரை எடுங்கள். அண்ணியையும் ஏற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் போய் உட்கார்ந்தால் பல் செட் வைத்தவருக்கு இங்கே என்ன வேலை என்பார்கள். அண்ணிக்குக் கடைவாய்ப் பல் வலி என்று சொல்லலாம், பொய் இல்லை, போன வருடம் வலித்தது. நீங்கள் இன்ஜினை அணைக்காமல் வாசலிலேயே நில்லுங்கள், அண்ணி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஓடி வரட்டும், முழங்காலை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அடையாளம்: நாற்பதுக்குள் வயது, சன்னமான குரல், வாசலில் மீன் வால் வைத்த வெள்ளைக் கார், பொக்கை வாய் மகள். கண்டுபிடித்ததும், "மாட்டாதீர்கள், விற்றவளே சொல்லி அனுப்பினாள்" என்று மட்டும் சொல்லுங்கள். மேட்டுத் தெருவில்தான் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்களாம், முதலில் அங்கே போங்கள். அந்தத் தெரு செங்குத்தாக இறங்கும் என்று நீங்கள் சுற்றிக்கொண்டு போவீர்கள், எனக்குத் தெரியும். இன்றைக்குச் சுற்ற நேரமில்லை. சைக்கிள்காரருக்கெல்லாம் வழிவிட்டு ஓட்டுகிறவர் நீங்கள், இந்த ஒரு நாள் கொஞ்சம் அழுத்தி மிதியுங்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாது. நான் இங்கே நாலு பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், நீங்கள் அவரைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.

கடவுள் உங்கள் இருவருக்கும் முன்னாலும் பின்னாலும் துணையாக வரட்டும். அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே வணக்கம் சொல்கிறார். தையல்காரம்மாவும் உங்களைக் கேட்டதாக எழுதச் சொல்கிறார், உங்களை அவர் பார்த்ததே கிடையாது.

என்றும் உங்கள் நலமே நாடும்,
பாவியான தங்கை.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு டிரைவரிடம் நீட்டும்போது போன் அடித்தது. அந்தம்மா! எங்கள் நம்பர் அவரிடம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஷெட் வாசல் பலகையிலேயே இருக்கிறதாம். "அக்கா, ஒரு நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிட்டேன். நேத்து சாயங்காலம் வந்ததும் வராததுமா இவரு ரெண்டு டிஸ்க்கையும் நோயாளி சாயுற நாற்காலியில படுக்க வச்சிட்டாரு. ஸ்பிரிட் போட்டு எண்ணெயெல்லாம் துடைச்சு, பெரிய லைட்டைப் போட்டு, பல்லைக் குத்திப் பாக்குற கம்பியால அங்குலம் அங்குலமா குத்திப் பாத்தாரு. ஒரு சொத்தை கூட இல்லையாம். இவ்வளவு சுத்தமான சரக்கை நான் பாத்ததே இல்லன்னு சொல்லச் சொன்னாரு." ரெண்டும் நல்லா இருக்கா, ரெண்டுமேவா என்று நான் நாலு தடவை கேட்டேன். ரெண்டும்தான் என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். மறுபடி டயரில் போய் உட்கார்ந்திருந்த இவர் எழுந்தார். தையல்காரம்மா "அவ்வளவுதானா?" என்று சொல்லிவிட்டு ஊசியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு முன் நன்றியாக நோட்டில் ஒரு வரி எழுதலாம் என்று பிரித்தேன்.

வரவு: டிஸ்க் ஆறு. டாக்டருக்கு இரண்டு. தரையில் இரண்டு. திரும்பவும் கூட்டினேன், நாலுதான் வருகிறது. நேற்று விற்ற அவசரத்தில் மிச்சத்தை நான் எண்ணவில்லை. "பாக்கி ரெண்டு எங்க?" என்றேன். இவர் கூரையைப் பார்த்தார். அதட்டிக் கேட்டபிறகு சொல்கிறார் அண்ணா: போன மாதம் நீங்கள் இங்கே வந்து, சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், உங்கள் வண்டிக்குக் காற்றுப் பார்க்கிறேன் என்று போனாரே, அப்போது காற்று மட்டும் பார்க்கவில்லையாம். உங்கள் காரும் அந்தப் பந்தயக்காரர் காரும் ஒரே கம்பெனி, ஒரே அளவாம். சொன்னால் வேண்டாம் என்பீர்களாம். பாசத்தில் முன்சக்கரத்துப் பழைய டிஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு இந்த இரண்டை மாட்டிவிட்டாராம். சாக்பீஸ் குறி இல்லை, அதனால் நல்லதுதான் என்று மாட்டினாராம். கண்ணாடி போட்டிருக்கவில்லையாம்.

அண்ணா, காரை எடுக்காதீர்கள். மேலே நான் எழுதிய ஒன்றையும் செய்யாதீர்கள். பல் டாக்டர் வேண்டாம். மேட்டுத் தெரு வேண்டவே வேண்டாம். அண்ணியை ஏற்ற வேண்டாம். எழுதியதைத் திருத்தி வேறு எழுத நேரமில்லை, டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்கிறார், நீங்களோ எதையும் பாதி படிக்கும்போதே எழுந்து ஓடுகிறவர். அதனால் "கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கவும்" என்று உறையின் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறேன், டிரைவரிடம் வாயாலும் சொல்லி அனுப்புகிறேன். அவர் வேனில் ஆளை ஏற்ற அனுமதி இல்லையாம், மாப்பிள்ளை இரண்டு நல்ல டிஸ்க்கையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வருகிறார், திட்டுவதை வண்டி சரியான பிறகு திட்டுங்கள். கார் இருந்த இடத்திலேயே இருக்கிறது, நீங்களும் அண்ணியும் வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று ஒரே ஒரு வரி எழுதி இந்த டிரைவரிடமே கொடுத்தனுப்புங்கள். அவர் வாசலில் காத்திருப்பார். சீக்கிரம் பதில் எழுதுங்கள் அண்ணா.